உடன் காசுக்கு வீடு வாங்குகிற காக்காமாருக்கு



நீளமான பதிவு இது. இப்போது நேரமில்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். பாதியை வாசித்துவிட்டு ஸ்கிரீன்ஷொட் எடுத்து குரூப்புகளில் போட வேண்டாம்.

போன கிழமை நமது ஊர் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் ஒரு விளம்பரம் வந்தது. "அவசர விற்பனைக்கு. 11 பேர்ச் வளவும் வீடும். சுற்றுமதில், கிணறு, குழாய்த் தண்ணீர். உடன் காசு உள்ளவர்கள் மட்டும் தொடர்பு கொள்ளவும்." கீழே புரோக்கரின் நம்பர். பத்து நிமிஷத்துக்குள் அதன் கீழே பதினேழு மெஸேஜ். ஒருவராவது விலை கேட்கவில்லை. "இது யார்ட ஊடு?", "பள்ளிக்குப் பின்னால இரிக்கிற ஊடா?", "அவருக்குக் கடன் கூடிட்டாம்", "மகன் வெளிநாட்டுல மாட்டிக்கிட்டாராம்". பதினெட்டாவது மெஸேஜில் ஒருவர் வீட்டுக்காரரின் பெயரையே எழுதிவிட்டார். பிறகு யாரோ சொல்லி அழித்தார். அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்தாயிற்று.

அந்தக் குரூப்பில் நானும் இருக்கிறேன். நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்கான கப்பாறாவாக இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் காணி வியாபாரி அல்ல. கணிதம் படிப்பிக்கிறவன். ஆனால் பல வருஷமாகத் தரம் 1 அனுமதி நேர்முகப் பரீட்சைக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டு உறுதியைப் பார்த்து, யாருடைய பெயரில் இருக்கிறது, எந்தத் திகதியில் எழுதியது என்று பார்த்துப் புள்ளி போடுவது எங்கள் வேலை. யாருடைய உறுதியின் விபரத்தையும் நான் வெளியில் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் இத்தனை வருஷத்தில் மொத்தமாக ஒரு விஷயம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. முன்பெல்லாம் கட்டுக்கட்டாக வருவது நன்கொடை உறுதிகள்தான். வாப்பாவும் உம்மாவும் மகளுக்கு எழுதிக் கொடுத்தவை. இப்போது என்ன நடக்கிறதென்றால், மூத்த பிள்ளையைச் சொந்த உறுதியோடு சேர்த்த அதே தாய், இளைய பிள்ளைக்கு வாடகை ஒப்பந்தத்தோடு வருகிறார். இரண்டிலும் முகவரி ஒன்று. அதே வீடு, அதே மதில், அதே கிணறு. சொந்தக்காரர்தான் வேறு ஆள். அந்த வேறு ஆளின் பெயரும் திரும்பத் திரும்ப ஒரு சில பெயர்களாகவே இருக்கிறது.

அப்படி வந்த தாய்மாரில் ஒருவர் பிறகு ஒரு நாள் பெற்றார் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு என்னிடம் பேசினார். ஆளை அடையாளம் தெரியாதபடி விபரங்களைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ஊகித்துப் பெயர் எழுதுகிறவர்களை இந்தப் பதிவிலிருந்து புளொக் பண்ணுவேன், சொல்லிவிட்டேன்.

கணவருக்குப் புடவைக்கடை. 2022இல் நாடு இருந்த நிலைமை உங்களுக்குத் தெரியும். டொலர் ஏறியது, சரக்கு நின்றது, கொடுத்த செக்குகள் திரும்பின. கடன்காரர்கள் வாசலில். அப்போது ஒரு புரோக்கர் வந்து, "ஒருத்தர்ட்ட காசி இரிக்கி. நாப்பது இலட்சம். நாளைக்கே கையில தருவார். ஊட்ட விக்க வேணாம், சும்மா ஒரு உறுதி எழுதிக் குடுங்க. ஒரு வருஷத்துல காசக் குடுத்துட்டு உறுதியத் திருப்பி எடுங்க. அதுவரைக்கும் நீங்களே இரிங்க, வாடகை மாதிரி மாசம் ஒரு இலட்சம் குடுங்க" என்று சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை பேச்சு, வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு ஒப்பம். அந்தச் சகோதரி என்னிடம் சொன்னது: "சேர், நான் வாசிக்கல்ல. அவர் விரலால காட்டின இடத்துல எல்லாம் ஒப்பம் வெச்சன். புள்ளைக்குப் பால் குடுக்கிற நேரம்."

அவர் ஒப்பம் வைத்தது ஈட்டு உறுதியில் அல்ல, அறுதி உறுதியில். திருப்பித் தருவதாக ஒரு வரி அதில் இல்லை. விலை என்று எழுதியிருந்தது 15 இலட்சம். "முத்திரைச் செலவு குறையும்" என்று சொன்னார்களாம். பதினோரு மாதம் வாடகை கொடுத்தார்கள். பன்னிரண்டாம் மாதம் முடியவில்லை. பதின்மூன்றாம் மாதம் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி லோயர் கடிதம்.

இனி நான் என் வேலையைச் செய்கிறேன். தரம் 10 பிள்ளைக்குக் கொடுக்கிற கணக்குத்தான் இது. 40 இலட்சத்துக்கு மாதம் ஒரு இலட்சம் என்றால் மாதத்துக்கு 2.5 வீதம், வருஷத்துக்கு 30 வீதம். அதே ஒழுங்கையில் அதே அளவு வீடு 25,000 ரூபாவுக்கு வாடகைக்குக் கிடைக்கிறது. ஆகவே அந்த ஒரு இலட்சத்தில் வாடகை என்று சொல்லக்கூடியது கால்வாசி. மிச்சம் முக்கால்வாசிக்கு என்ன பெயர் என்று குத்பா ஓதுகிறவர்களிடம் கேளுங்கள். அந்த வீடும் வளவும் அப்போது ஆறுதலாக விற்றிருந்தால் 90 இலட்சம் போகும். கொடுத்தது 40, வாடகை என்று திருப்பி எடுத்தது 11. ஆக 29 இலட்சத்துக்கு 90 இலட்சத்து வீடு. மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை.

இதை வாங்கியவர் ஐந்து வேளையும் முன் ஸஃப்பில் நிற்கிறவர். வட்டிக்குக் கொடுக்கிறவர் என்று யாராவது சொன்னால் அடிக்க வருவார். அவர் உண்மையிலேயே நம்புகிறார், தான் செய்தது வியாபாரமும் வாடகையும் என்று. எனக்குப் பயமாக இருப்பது அந்த நம்பிக்கைதான். வட்டிக்கடைக்காரனுக்குத் தான் என்ன செய்கிறேன் என்றாவது தெரியும்.

திருப்பி எடுக்கும் வாக்கோடு விற்பதும், விற்றவனே வாடகைக்கு இருப்பதும் புதிய கண்டுபிடிப்பல்ல. கிதாபுகளில் இதற்கு பைஉல் வஃபா என்று பெயரே இருக்கிறது. பிற்கால அறிஞர்களில் சிலர் மக்களின் தேவையை முன்வைத்து அதற்கு இடம் கொடுத்ததும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி இதை எடுத்து ஆராய்ந்து, இது பலன் எடுக்கிற கடனே, ஆகாது என்று தீர்மானித்தது. அதிலும் அந்தப் பழைய முறையில் காசைக் கொடுத்தால் வீடு நிச்சயம் திரும்பும். நமது ஊர்க்காரர்கள் அந்த ஒரு நல்ல பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மற்றதை எடுத்திருக்கிறார்கள்.

இவர்களிடம் பேசினால் எப்போதும் வருகிற பதில்கள் சில இருக்கின்றன.

முதலாவது: "நான் உதவிதானே செஞ்சன்? அந்த நேரத்துல வேற யார் காசி குடுத்த?" காக்கா, கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுப்பது இன்னும் நல்லது என்று ஸூறத்துல் பகறாவின் 280ஆம் ஆயத் சொல்கிறது. உதவி என்பதற்கு அல்லாஹ் போட்ட அளவு அது. ஒருவருடைய வீட்டை மூன்றில் ஒரு விலைக்கு எடுத்துவிட்டு அந்தச் சொல்லைப் பாவிக்காதீர்கள். வாங்கினேன், லாபம் கண்டேன் என்று சொல்லுங்கள். அது நேர்மையாகவாவது இருக்கும்.

இரண்டாவது: "ரெண்டு பேரும் விரும்பித்தானே எழுதின." யார் விரும்பியது? கிழக்கில் வீடு யாருடையது என்பதை ஒரு நிமிஷம் யோசியுங்கள். நமது ஊரில் ஆண்பிள்ளை கையை வீசிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போகிறான். நான் இருப்பதும் என் மனைவியின் வீடு, அதில் ஒரு ஓடு கூட எனக்குச் சொந்தமில்லை. வாப்பாமார் வெளிநாட்டில் வெயிலில் நின்றும், உம்மாமார் பாய் பின்னியும் சீட்டுப் போட்டும் கட்டிக் கொடுத்த வீடுகள் அவை. சீதனம் சரியா பிழையா என்பது வேறு சண்டை, அதை இன்னொரு நாள் பிடிப்போம். எழுதிக் கொடுத்த பிறகு அது அவளுடைய சொத்து. மார்க்கப்படி கணவனுடைய கடனைக் கட்ட அவளுக்குக் கடமை கிடையாது. அவளை வீட்டில் வைத்துப் பராமரிப்பதுதான் அவனுடைய கடமை. அவள் மனமுவந்து கொடுத்தால் அது அவளுடைய பெருந்தன்மை. வாசலில் கடன்காரன் நிற்க, கூடத்தில் புரோக்கர் இருக்க, "ஒப்பம் வை, இல்லாட்டி என்னைப் பொலிஸ் கொண்டு போகும்" என்று புருஷன் அழ, அதற்குப் பெயர் விருப்பம் என்றால் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லை.

மூன்றாவது பதில்தான் எனக்கு அதிகம் கோபம் வருவது. "நான் வாங்காட்டி வெளியூரான் வாங்கியிருப்பான். நம்மட காணி நம்மட கையில நிக்குது." கேட்கும்போது சமூகப் பற்று மாதிரி இருக்கும். இதன் வேலையைக் கவனியுங்கள். ஊருக்குள்ளேதான் விற்க வேண்டும் என்று ஒரு எழுதாத சட்டம் போட்டால், வாங்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? உடன் காசோடு இருப்பவர்கள் ஐந்தாறு பேர். அந்த ஐந்தாறு பேரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். ஒருவர் 40 என்றால் மற்றவர் 38 என்று சொல்வாரே தவிர 45 என்று சொல்ல மாட்டார். வெளியில் விற்கக் கூடாது என்று சத்தமாகச் சொல்கிறவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள், அதே ஐந்தாறு பேர்தான். சமூகத்தின் காணியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சமூகத்தின் விலையைக் கொடுங்கள் காக்கா. வெளியூரான் 85 தருவான் என்றால் நீங்களும் 85 கொடுங்கள். பற்றுக்கு ஆகும் செலவை விதவையும் கடனாளியும் மட்டும் கட்ட வேண்டுமா?

றஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்த ஒரு வியாபாரம் இருக்கிறது. வெளியூரிலிருந்து சரக்கோடு வரும் கூட்டத்தைச் சந்தைக்கு வரும் முன்பே வழியில் போய் மறித்து வாங்குவது. ஏன் தடுத்தார்கள்? வந்தவனுக்குச் சந்தை விலை தெரியாது. அவன் சந்தைக்கு வந்து விலையை அறிந்த பிறகு அந்த விற்பனையை முறிக்கும் உரிமையையும் அவனுக்குக் கொடுத்தார்கள். நான் மௌலவி இல்லை, ஃபத்வா கொடுக்கவில்லை. ஆனால் ஒரு குடும்பம் தன் வீட்டின் விலை என்ன என்று இரண்டு பேரிடம் கேட்பதற்கு முன்பே, கடன் செய்தி காதில் விழுந்த அன்றிரவே காசுப் பையோடு வாசலில் போய் நிற்கிற புரோக்கரைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஹதீஸ்தான் ஞாபகம் வருகிறது. ஜும்ஆ மேடையில் அதை ஒரு தடவையாவது நமது ஊருக்குப் பொருத்திச் சொன்னால் என்ன?

இவ்வளவும் வாங்குகிறவர்களுக்கு. இனி நமக்கு.

ஏன் ஒரு குடும்பம் 90 இலட்சத்து வீட்டை 40க்குக் கொடுக்கிறது? அவசரம் என்று சொல்கிறோம். ஆறு கிழமை அவகாசம் இருந்தால் அரைவாசி விலை இழக்க வேண்டியதில்லை என்று அவர்களுக்கும் தெரியும். அவர்கள் ஆறு கிழமை பொறுக்காதது கடன்காரனுக்காக மட்டும் அல்ல. நமக்காக. மதிலில் போர்டு தொங்கினால் நாம் என்ன பேசுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருப்பார்கள், செய்தி பரவினால் அது நின்றுவிடும். கடையில் மிச்சமிருக்கும் சரக்குக்கும் யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள். அதனால் இரவோடு இரவாக, யாருக்கும் தெரியாமல் முடிக்க வேண்டும். புரோக்கர் விற்பது அந்த இரகசியத்தைத்தான். "ஒருத்தருக்கும் தெரியா, நான் பொறுப்பு" என்பதுதான் அவருடைய முதல் வசனம். அந்தப் பதினெட்டு மெஸேஜையும் போட்டது வட்டிக்காரர்கள் அல்ல. நாம்தான்.

எனக்கு இதைச் சொல்ல என்ன தகுதி என்று கேட்பீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் கமென்டில் எழுதுவதற்கு முன். என் தங்கச்சி இருக்கிற வளவு 1996இல் வாப்பா உடன் காசுக்கு வாங்கியது. விற்ற குடும்பம் பிரச்சினை காலத்தில் ஊரை விட்டுப் போக அவசரப்பட்டது. வாப்பா அப்போது எங்களிடம் சந்தோஷமாகச் சொன்னார், "கேட்ட விலைக்கு அரைவாசிக்குத் தந்திட்டாங்க, அல்லாஹ்ட றஹ்மத்து" என்று. நாங்களும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். வாப்பா நல்ல மனிதர், யாரையும் ஏமாற்றியவர் அல்ல, அவர்கள் சொன்ன விலையைத்தான் கொடுத்தார். ஆனால் அவர்கள் ஏன் அந்த விலையைச் சொன்னார்கள் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. வாப்பா மௌத்தாகி ஒன்பது வருஷமாகிறது. போன நோன்பில் அந்தக் குடும்பத்தில் மிச்சமிருக்கும் ஒருவரைத் தேடிப் போய்க் கண்டேன். என்ன பேசினோம் என்பது எங்களோடு இருக்கட்டும். வீட்டுக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன், எழுத இத்தனை மாதமாகிவிட்டது.

சரி, உண்மையிலேயே வீட்டை விற்றுத்தான் ஆக வேண்டும், சீக்கிரம் விற்க வேண்டும் என்ற நிலைமையில் இருப்பவர்களுக்கு. இதற்காக இரண்டு நொத்தாரிசுமாரிடமும் ஒரு லோயரிடமும் பேசினேன். அவர்கள் சொன்னதையும் நான் கண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

விளம்பரத்தில் "அவசரம்" என்ற சொல்லைப் போடாதீர்கள். "உடன் காசு மட்டும்" என்றும் போடாதீர்கள். அந்த இரண்டு சொல்லுக்கும் வாசிக்கிறவன் மனதில் பத்து இருபது இலட்சம் குறைந்துவிடுகிறது. உடன் பணம் வேண்டும் என்றால் வங்கியில் ஒரே நாளில் மாற்றலாம். பையில் கட்டுக்கட்டாக வாங்கி இரவில் எண்ணத் தேவையில்லை. வங்கி வழியாக வந்தால் எவ்வளவு வந்தது என்பதற்குச் சாட்சியும் இருக்கும்.

விற்பதற்கு முன்பே பத்திரங்களைத் தயார் பண்ணுங்கள். நேரம் போவது பெரும்பாலும் இதில்தான். உறுதியின் மூலப் பிரதி, முன்னைய உறுதிகள், நில அளவைப் படம், சோலைவரி ரசீது, காணிப்பதிவகத்தில் எடுத்த பதிவுப் பிரதி. எங்கள் பக்கத்துக்கு அது கல்முனையில். இவை கையில் இருந்தால் வங்கிக் கடனில் வாங்குகிறவர் கூட வருவார். இல்லாவிட்டால் பத்திரம் பார்க்காமல் வாங்கத் துணிகிறவர் மட்டும்தான் வருவார், அவர் அந்தத் துணிச்சலுக்கு உங்களிடமிருந்தே விலை எடுப்பார். உங்களுடையது உறுதிக் காணி அல்லாமல் அரச அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புக் காணி என்றால் பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. அதை "சும்மா ஒரு கடுதாசியில எழுதுவம்" என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

விலையை மூன்று பேரிடமாவது கேளுங்கள், அதில் ஒருவர் வாங்கவும் விற்கவும் சம்பந்தமில்லாதவராக இருக்கட்டும். கட்டணம் வாங்கும் மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து பார்த்து எழுதித் தருவதற்கு ஆகும் செலவு, நீங்கள் இழக்கப்போவதோடு பார்த்தால் தேத்தண்ணிச் செலவு. கத்தாரிலும் சவூதியிலும் லண்டனிலும் இருக்கிற நமது ஊர்ப் பிள்ளைகளுக்கு நம்பகமான ஒருவர் மூலம் சொல்லுங்கள். வீடு தேடுகிறவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள், அவர்கள் புரோக்கரின் வட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள். வளவு பெரிதென்றால் முழுவதையும் விற்காமல் ஒரு துண்டைப் பிரித்து விற்க முடியுமா என்று முதலில் பிரதேச சபையில் கேளுங்கள். கடன்காரர்களிடமும் போய்ப் பேசுங்கள், தனியாக அல்ல, ஊரில் மதிக்கிற ஒருவரோடு. "வீட்டை விற்கிறேன், ரெண்டு மாசம் தாருங்க" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் தருவார்கள். அவர்களுக்கு வேண்டியது காசு, உங்கள் வீடு அல்ல. வீடு வேண்டும் என்று நிற்கிற ஒருவர் இருந்தால் அவரை அப்போதே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

உறுதியில் உண்மை விலையை எழுதுங்கள். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். வழமையில் அதைக் கட்டுவது வாங்குகிறவர். ஆகவே குறைத்து எழுதுவதால் மிச்சமாவது அவருக்கு. பிறகு ஏதாவது வழக்கு வந்தால், நாற்பது வாங்கினேன் என்று நிரூபிக்க ஓட வேண்டியது நீங்கள். பணம் நொத்தாரிசுக்கு முன்னால் கைமாறியதா இல்லையா என்று உறுதியின் கடைசியில் அவர் எழுதுவார். அந்த இடத்தை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் வாசித்து விளக்கச் சொல்லுங்கள், அது அவருடைய கடமை. பெண்ணின் பெயரில் உள்ள வீடென்றால் அந்தப் பெண்ணோடு அவளுடைய சொந்தக் காக்காவோ தம்பியோ வாப்பாவோ இருக்கட்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது. கடன் வாங்குவதென்றால் கடன் உறுதி எழுதுங்கள், ஈடு என்றால் ஈட்டு உறுதி எழுதுங்கள். கடனுக்கு அறுதி உறுதியில் ஒப்பம் வைக்காதீர்கள், எவ்வளவு நல்லவர் கேட்டாலும். திருப்பித் தருவேன் என்று வாயால் சொன்னதற்குச் சட்டத்தில் பலம் மிகக் குறைவு. காணி சம்பந்தமான எந்தப் பேச்சும் நொத்தாரிசு முன்னால் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து இந்த நாட்டில் உள்ள விதி. அல்லாஹ் கடனை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னது அதற்கும் முன்னால்.

ஏற்கனவே ஒப்பம் வைத்துவிட்டவர்கள் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம். 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தில் 83ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உறுதி எழுதினாலும், சொத்தை உண்மையில் விட்டுக்கொடுக்கும் எண்ணம் இருக்கவில்லை என்று சூழ்நிலைகள் காட்டினால், எழுதி வாங்கியவர் அதைப் பழைய சொந்தக்காரருக்காக வைத்திருப்பவராகவே கருதப்படலாம். விலை மிகக் குறைவு, விற்றவரே தொடர்ந்து வீட்டில் இருந்தது, உறுதிச் செலவை யார் கொடுத்தது, இவை எல்லாம் அங்கே பேசும். விலை தெரியாமல் உண்மைப் பெறுமதியில் அரைவாசிக்கும் குறைவாக விற்றவருக்கு ரோமன் டச்சுச் சட்டத்திலும் ஒரு வழி உண்டு. இரண்டும் இலேசான வழக்குகள் அல்ல, வருஷக் கணக்கில் போகும். ஆனால் வாடகை கொடுத்த ரசீதுகளையும், வங்கிக் கணக்கு விபரங்களையும், புரோக்கர் அனுப்பிய வொய்ஸ் மெஸேஜ்களையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு ஒரு லோயரைப் பாருங்கள். நான் சொன்ன அந்தச் சகோதரி இப்போது அதைத்தான் செய்திருக்கிறார்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மஹல்லாவிலும் வாய் காக்கத் தெரிந்த மூன்று பேரை நியமியுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், ஏனென்றால் வீடு பெண்ணுடையது. வீடு விற்கும் நிலைக்கு வந்த குடும்பம் முதலில் அவர்களிடம் இரகசியமாகச் சொல்லட்டும். மிகவும் நெருக்குகிற ஒரு கடனை மட்டும் சமாளிக்க கர்ழ் ஹஸன் ஒன்று, இரண்டு மாதத் தவணையில். வீடு விற்றதும் திரும்பி வருகிற காசு அது. ஸகாத் பெறத் தகுதியானவர்களை எட்டுக் கூட்டமாகக் குர்ஆன் எண்ணும்போது கடனாளிகளும் அதில் ஒரு கூட்டம். வீடுள்ள கடனாளிக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்று மௌலவிமார் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கட்டும். நமது பைத்துஸ் ஸகாத் பட்டியலில் தையல் மெஷினும் ஆடும் வருஷா வருஷம் இருக்கின்றன. வீட்டை இழந்த பிறகு தையல் மெஷினை எங்கே வைப்பது?

நொத்தாரிசுமாருக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. எத்தனை பேர் இப்படியான உறுதி எழுத மறுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும், அவர்களுக்கு அல்லாஹ் பறக்கத் செய்யட்டும். மற்றவர்கள், ஒப்பம் வைக்கிற பெண்ணிடம் "இது விக்கிற உறுதி, திரும்பி வராது, தெரியுமா லாத்தா?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். புருஷனும் புரோக்கரும் வெளியில் நிற்கும்போது கேளுங்கள்.

வாங்கிய காக்காமாருக்கு இன்னும் ஒன்று. வாடகை என்று வாங்கியதைக் கழித்து, கொடுத்த காசை மட்டும் எடுத்துக்கொண்டு உறுதியைத் திருப்பி எழுதிக் கொடுக்க விரும்புகிற ஒருவராவது இருந்தால், கணக்கைப் போட்டுத் தர நான் தயார். இலவசமாக. ஒருவருக்கும் சொல்லவும் மாட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நானும் ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியர்களும் பள்ளி நிர்வாகத்தைச் சந்திக்கிறோம். கூட வர விருப்பமுள்ளவர்கள் அஸர் தொழுகைக்கு அங்கே வாருங்கள். கமென்டில் யாருடைய பெயரையும், வீட்டையும், ஒழுங்கையையும் எழுத வேண்டாம். உங்கள் வீட்டு விஷயமென்றால் இன்பொக்ஸில் எழுதுங்கள், அல்லது என் மனைவியோடு பேசுங்கள், பெண்களுக்கு அது இலேசு. ஒப்பம் வைக்க நாள் குறித்தாகிவிட்டதென்றால் இரவு எத்தனை மணியானாலும் கோல் எடுங்கள். போன் தலைமாட்டில்தான் இருக்கும்.